வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி: பொருத்துதலும் பராமரிப்பும்

தீ விபத்து என்றதும் மக்கள் மனத்தில் தோன்றுவது கொழுந்துவிட்டெரியும் நெருப்பே. ஆயினும் கட்டடங்களில் நேரும் தீயில் உயிரிழப்போரில் பெரும்பாலோர் நெருப்புத் தீண்டுவதற்கு முன்னரே புகையால் மடிகின்றனர். 1997 ஜூன் 13 அன்று டில்லி உபஹார் திரையரங்கில் இறந்த 59 பேரில் மிகப் பலர் மூச்சுத் திணறி மாண்டவர்கள். 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் விடியற்காலையில் பற்றிய தீயின் புகை மேல்மாடிகளுக்குப் பரவி, ஏறத்தாழ 90 பேரைப் பலி கொண்டது. 2019 டிசம்பர் 8 அன்று டில்லி அனாஜ் மண்டியில், வேலை செய்த கட்டடத்திலேயே உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் 43 பேர் மாண்டனர். அங்கும் பெரும்பாலோரைக் கொன்றது புகையே. பின்னிரண்டு விபத்துக்களிலும் தீ தோன்றிய வேளையில் மக்கள் உறக்கத்தில் இருந்தனர் என்பது கருதத்தக்கது.

உறங்குவோரை விழிக்கச் செய்து, தப்புவதற்குச் சில நிமிஷ அவகாசம் அளிப்பதே புகை எச்சரிக்கைக் கருவியின் பணி. அது தீயை அணைப்பதில்லை, தடுப்பதுமில்லை. நம் நாட்டில் உயரமான கட்டடங்களிலும் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் இதைக் காணலாம். சாதாரண வீடுகளிலோ இது இன்னும் அரிதாகவே இருக்கிறது. விலை குறைந்து கடைகளில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில், இதனை எங்கே பொருத்துவது, எவ்வாறு பேணுவது என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் பயன் தரும். தவறான இடத்தில் பொருத்திய கருவியும், மின்கலம் தீர்ந்த கருவியும் இல்லாத கருவிக்கு ஒப்பானவையே.

புகையின் தீமை

பொருள்கள் போதிய பிராணவாயு இன்றி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் இந்த வாயுவைப் பற்றிக் கொள்கிறது. அதனால் உடலுக்குப் பிராணவாயு கிட்டாமற் போகிறது. விழித்திருப்பவனுக்குத் தலைவலியும் மயக்கமும் தோன்றும். உறங்குபவனோ உறக்கத்திலேயே நினைவிழக்கிறான். மெத்தை, சோபா முதலியவற்றில் அடைக்கப்படும் பாலியூரித்தேன் நுரை எரியும்போது ஹைடிரஜன் ஸயனைடு என்னும் கொடிய நச்சுவாயுவும் இதனுடன் சேர்கிறது.

புகையின் மணம் தம்மை எழுப்பிவிடும் என்று பலர் நம்புகின்றனர். இந்த நம்பிக்கை சரியன்று. உறக்கத்தில் மோப்ப உணர்ச்சி மிக மந்தமாகிவிடுகிறது. செவியோ உறக்கத்திலும் ஓரளவு விழித்திருக்கிறது. ஆகவேதான் எச்சரிக்கை, மணமாக அன்றி ஒலியாக அமைய வேண்டியிருக்கிறது.

தப்புவதற்குக் கிடைக்கும் காலமும் முன்பு இருந்ததைவிடக் குறைந்துவிட்டது. 1970-களில் அமெரிக்காவில் வீடுகளில் தீ வைத்து நடத்திய சோதனைகளில், அபாய நிலை தோன்றும் வரை சராசரி 17 நிமிஷம் கிடைத்தது. 2000-க்குப் பின் நடந்த சோதனைகளில், கொழுந்துவிட்டெரியும் தீயில் ஏறத்தாழ 3 நிமிஷமே கிடைத்தது. மரமும் பருத்தியும் இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கும் செயற்கை நுரையும் செயற்கை இழைத் துணியும் வந்திருப்பது இதற்கு முக்கிய காரணம்.

கருவி தோன்றிய வரலாறு

1930-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பௌதிக அறிஞர் வால்டர் யேகர், நச்சுவாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றை அமைக்க முயன்றார். நச்சுவாயுவுக்கு அது இணங்கவில்லை. ஆனால் சலிப்புடன் அவர் பற்றவைத்த சிகரெட்டின் புகை பட்டதும் மீட்டரின் முள் அசைந்தது என்று சொல்லப்படுகிறது. இவ்வழியில் தோன்றிய தொடக்ககாலக் கருவிகள் விலை மிகுந்தவை, தொழிற்சாலைகளுக்கே ஏற்றவை. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் டுவேன் பியர்சால் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் மின்கலத்தால் இயங்கும் சிறு கருவியை உருவாக்கிய பின்னரே, இது வீட்டுக்குரிய பொருளாயிற்று.

பிற்காலத்தில் சில நாடுகள் இதனைச் சட்டத்தாலும் வற்புறுத்தின. ஜப்பானில் 2004-இல் திருத்தப்பட்ட சட்டம் 2006 முதல் புதிய வீடுகளுக்கும், 2011-க்குள் எல்லா வீடுகளுக்கும் இக்கருவியைக் கட்டாயமாக்கியது. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல், ஒன்றோடொன்று இணைந்து ஒலிக்கும் கருவிகள் எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் தேசியக் கட்டட நெறித்தொகுப்பின் (2016) நான்காம் பகுதி தீப்பாதுகாப்பைக் கூறுகிறது. தீயைக் கண்டறியும் அமைப்புக்களைத் தேர்தல், பொருத்துதல், பராமரித்தல் ஆகியவற்றை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2189 என்னும் நடைமுறை விதி விளக்குகிறது. சாதாரண வீட்டில் தனிக் கருவி பொருத்துதல் வீட்டுக்காரரின் விருப்பத்தையும் அறிவையும் பொறுத்ததாகவே இருக்கிறது. களப்பணியாளரின் சொல்லுக்கு மதிப்பு ஏற்படுவது இங்கேதான்.

கருவி இயங்கும் விதம்

வீட்டுக் கருவிகள் இரு வகைப்படும். முதல் வகை ஒளியைக் கொண்டு இயங்குவது. கருவியினுள்ளே வெளிவெளிச்சம் புகாதவாறு கறுப்புத் தடுப்புக்கள் அமைந்த சிறு அறை ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கத்தில் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசும் சிறு விளக்கும், மற்றொரு பக்கத்தில் ஒளியுணர் கருவியும் இருக்கின்றன. இவை நேருக்கு நேராக வைக்கப்படுவதில்லை. விளக்கின் ஒளி உணர்கருவியின்மீது நேரே விழாதபடி கோணலாக வைக்கப்பட்டிருக்கின்றன. தூய காற்றில் ஒளி தன் வழியே சென்று கறுப்புச் சுவரில் மறைகிறது. புகை நுழைந்ததும் அதன் நுண்துகள்கள் ஒளியைப் பல திசைகளிலும் சிதறச் செய்கின்றன. சிதறிய ஒளியில் ஒரு பகுதி உணர்கருவியை அடைகிறது. அது குறித்த அளவைத் தாண்டியதும் ஒலி எழுகிறது.

இரண்டாம் வகை அயனிகளைக் கொண்டு இயங்குவது. இதில் அமெரிஷியம்-241 என்னும் கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு, அதாவது ஒரு மைக்ரோகிராமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து வெளிப்படும் ஆல்பா துகள்கள் காற்றை அயனிகளாகப் பிரிக்கின்றன. அதனால் இரு தகடுகளுக்கிடையே மெல்லிய மின்னோட்டம் நிகழ்கிறது. புகைத்துகள்கள் நுழைந்து அயனிகளைப் பற்றிக் கொண்டால் மின்னோட்டம் குறைகிறது, கருவி ஒலிக்கிறது. ஆல்பா துகள்களை ஒரு தாளோ சில சென்டிமீட்டர்க் காற்றோ தடுத்துவிடும். எனவே மூடிய கருவியால் தீங்கில்லை. ஆனால் அதனைப் பிரிக்கவோ, உடைக்கவோ, எரிக்கவோ கூடாது. அமெரிஷியத்தின் அரை ஆயுட்காலம் 432 ஆண்டு. ஆகவே பயன்படாத கருவியைக் குப்பையில் எறியலாகாது. இத்தகைய கருவிகள் நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. பழையதை விற்றவரிடமோ தயாரித்தவரிடமோ திருப்பிக் கொடுப்பதே முறை.

இரு வகைக்கும் திறமையில் வேறுபாடு உண்டு. சிகரெட் நெருப்பு விழுந்த மெத்தை, கொசுவர்த்திச் சுருள் பட்ட படுக்கைத்துணி போன்றவை நெடுநேரம் கொழுந்தின்றிக் கனன்று, பருத்த துகள்களையுடைய புகையை வெளியிடுகின்றன. இதனை ஒளி வகைக் கருவி விரைவில் உணர்கிறது. கொழுந்துவிட்டு வேகமாக எரியும் தாள், எண்ணெய் ஆகியவற்றின் நுண்ணிய துகள்களை அயனி வகை சற்று முன்னதாக உணர்கிறது. ஆனால் சமையலறைத் தாளிப்புக்கும் அது எளிதில் ஏமாந்து ஒலிக்கிறது. இரவில் கனலும் தீயே உறங்குவோருக்குப் பேரபாயம் என்பதாலும், பொய் எச்சரிக்கை குறைவு என்பதாலும், கதிரியக்கப் பொருள் இல்லை என்பதாலும் வீட்டுக்கு ஒளி வகையே ஏற்றது.

எங்கே பொருத்துவது?

படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள கூடத்திலோ நடையிலோ ஒன்று, மாடியிருந்தால் மாடிக்கு ஒன்று என்பது சிறந்த முறை. ஒரே கருவிதான் வாங்க முடியும் என்றால், உறங்கும் இடத்துக்கும் சமையலறைக்கும் இடையே, உறங்கும் இடத்துக்கு அருகில் அதைப் பொருத்துதல் வேண்டும். ஸ்கூட்டர்ப் பாட்டரியை மின்னேற்றம் செய்யும் இடமோ, இன்வெர்ட்டர் வைத்திருக்கும் இடமோ வீட்டினுள் இருப்பின், அங்கும் ஒன்று இருப்பது நலம்.

சூடான புகை மேலெழுந்து கூரையைத் தொட்டு, அதன் அடியில் படலமாகப் பரவுகிறது. ஆகையால் கருவிக்கு உரிய இடம் கூரையே. சுவர் கூரையைச் சந்திக்கும் மூலையில் காற்று தேங்கக்கூடும் என்பதால், சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது விலக்கிப் பொருத்துவது வழக்கம். சுவரில் பொருத்த நேர்ந்தால், கூரைக்குக் கீழே 10 முதல் 30 சென்டிமீட்டருக்குள் அமைக்க வேண்டும். ஓட்டுவீடு போன்ற சரிந்த கூரையில், முகட்டிலிருந்து ஒரு மீட்டருக்குள், ஆனால் முகட்டின் உச்சிக் கோணத்துக்குள் அல்லாமல் சற்றுக் கீழே வைத்தல் வேண்டும்.

தகரக் கூரையும் கல்நார்த் தகட்டுக் கூரையும் தனிக் கவனத்துக்குரியவை. வெயில் வேளையில் அத்தகைய கூரையின் அடியில் மிகச் சூடான காற்றுப் படலம் நிற்கிறது. சிறு தீயின் மெல்லிய புகை அந்தப் படலத்தை ஊடுருவ இயலாமல் அதற்குக் கீழேயே தங்கிவிடும். இவ்வீடுகளில் கருவியை உட்சுவரில் பொருத்துவதே மேல். மேலும் சில கருவிகள் 38 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்துக்கென அமைந்தவை அல்ல. கோடையில் அதற்கு மேல் வெப்பம் ஏறும் ஊர்களில், உயர்ந்த வெப்பம் தாங்கும் என்று குறிக்கப்பட்டுள்ளதைப் பார்த்து வாங்குதல் அவசியம்.

நம் வீடுகளில் பெரிதும் கருதவேண்டியது மின்விசிறி. சுழலும் விசிறி புகையைக் கலைத்து நீர்க்கச் செய்கிறது. கருவியை அடையாதபடி தள்ளியும் விடுகிறது. விசிறி இறக்கையின் நுனியிலிருந்து ஒரு மீட்டராவது விலகியிருக்க வேண்டும் என்பது பொதுவிதி. சிறிய அறையில் இது இயலுமா என்னும் ஐயம் எழலாம். 3 மீட்டர் சதுரமான அறையின் நடுவில் 1.2 மீட்டர் விட்டமுள்ள விசிறி இருப்பதாகக் கொள்வோம். இறக்கை நுனிக்கும் எதிர்ச் சுவருக்கும் இடைவெளி 90 சென்டிமீட்டரே. ஆகவே சுவரின் நடுப்பகுதி ஏற்றதன்று. மூலைப் பக்கத்தில், இரு சுவர்களிலிருந்தும் 30 சென்டிமீட்டர் விலகிய புள்ளி அறையின் நடுவிலிருந்து ஏறத்தாழ 1.7 மீட்டர் தொலைவில் உள்ளது. விசிறியின் ஆரமான 60 சென்டிமீட்டரைக் கழித்தால் 1.1 மீட்டர் எஞ்சுகிறது; விதி நிறைவேறுகிறது. ஆசிரியர் இதனைப் பித்தகோரஸ் தேற்றத்துக்கு ஒரு பயிற்சிக் கணக்காகவும் கொள்ளலாம்.

பொருத்தலாகாத இடங்களும் உண்டு. அடுப்பிலிருந்து 3 மீட்டருக்குள் கூடாது. குளியலறைக் கதவிலிருந்து ஒரு மீட்டருக்குள் கூடாது. வெந்நீர் ஆவியைக் கருவி புகையென்று கொள்ளும். குளிர்சாதனக் கருவியின் காற்றுவாயிலிருந்தும் அதே தொலைவு வேண்டும். சாளரத்தின் அருகில் காற்று வீச்சு புகையைத் திருப்பிவிடும். பூசையறையில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் நாள்தோறும் எழுப்பும் புகைக்கு நேர்மேலே வைப்பதும் தவறு.

சமையலறைக்குப் புகைக் கருவி ஏற்றதன்று. வெப்பத்தை உணரும் கருவியே ஏற்றது. அது ஏறத்தாழ 57 பாகை சென்டிகிரேடு வெப்பநிலையிலோ, வெப்பம் மிக விரைவாக ஏறும்போதோ ஒலிக்கும். விறகடுப்புப் புகை வீடெங்கும் பரவும் ஓரறைக் குடிசையில் புகைக் கருவி ஓயாது ஒலிக்குமே தவிரப் பயன் தராது. அங்கு அடுப்பைப் பிரித்து வைத்தலும், புகை வெளியேற வழி செய்தலும், விளக்கையும் கொசுவர்த்தியையும் பாதுகாப்பாக வைத்தலுமே முதற்கடமை.

இன்னொரு குழப்பத்தையும் நீக்குதல் வேண்டும். புகைக் கருவி சமையல் எரிவாயுக் கசிவை உணராது. கார்பன் மோனாக்ஸைடையும் தனியே உணராது. அவற்றுக்கு வேறு கருவிகள் உண்டு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில் படியும். ஆகவே அதற்குரிய கருவி தரைக்கு அருகில் அமையும். எரிவாயு கசிந்தால் விளக்குச் சாவியைத் தொடாமல், சாளரங்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

பொருத்தும் முறை

வாங்கும்போது தரச்சான்றையும் தயாரித்த தேதியையும் பார்த்தல் வேண்டும். மின்கலக் கருவியைப் பொருத்த மின்கம்பி தேவையில்லை. அதன் அடித்தகட்டைக் கூரையில் வைத்துத் துளையிடும் இடங்களைக் குறித்து, துளையிட்டு, பிளாஸ்டிக் முளை செருகி, திருகாணியால் முடுக்க வேண்டும். துளையிடும்போது கருவியைத் தொலைவில் வைத்திருப்பது நலம். சிமிட்டித் தூள் உட்புகுந்தால் பொய் எச்சரிக்கை தரும். கூரையினுள் செல்லும் மின்கம்பியின் வழியை முன்னரே அறிந்து கொள்ளுதல் அவசியம். பிறகு மின்கலத்தை இட்டு, கருவியைத் தகட்டில் திருப்பிப் பூட்டி, சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். தேதியைக் கருவியின் ஓரத்தில் எழுதி வைத்தல் நன்று. வெறும் ஒட்டுநாடாவால் கூரையில் ஒட்டுவது நம்பத்தக்கதன்று. சுண்ணாம்புப் பூச்சு உதிரும்போது கருவியும் உடன் விழும்.

வீட்டு மின்சாரத்தில் இயங்கும் கருவியாயின் அதனைத் தகுதிபெற்ற மின்தொழிலாளரே பொருத்த வேண்டும். மின்தடையின்போது இயங்க உள்மின்கலமும் இருக்க வேண்டும். பெரிய வீட்டில் ஒன்று ஒலித்தால் மற்றவையும் ஒலிக்கும் இணைப்புக் கருவிகள் சிறந்தவை. மாடியில் உறங்குபவர், கீழ்த்தளத்துக் கருவி மூடிய கதவுகளுக்கு அப்பால் ஒலிப்பதைக் கேளாதிருக்கலாம்.

பொய் எச்சரிக்கையும் கழற்றப்பட்ட மின்கலமும்

அமெரிக்காவில் வீட்டுத் தீயில் இறப்போரில் ஏறத்தாழ ஐந்தில் மூவர், இக்கருவி இல்லாத வீடுகளிலோ, இருந்தும் இயங்காத வீடுகளிலோ இறக்கின்றனர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இயங்காமைக்கு மிகப் பொதுவான காரணம் கருவியின் பழுதன்று, மின்கலம் கழற்றப்பட்டிருப்பதே. தாளிக்கும்போதெல்லாம் கருவி அலறுகிறது. வீட்டார் எரிச்சலுற்று மின்கலத்தைக் கழற்றுகின்றனர். பிறகு மாட்ட மறந்துவிடுகின்றனர்.

ஆகவே பொய் எச்சரிக்கையைச் சிறு தொல்லையாகக் கருதலாகாது. உயிரைக் காப்பதும் இழப்பதும் இதனையும் பொறுத்திருக்கிறது. அடிக்கடி ஒலித்தால் கருவியை அடுப்பிலிருந்து மேலும் தள்ளி வைக்க வேண்டும். அயனி வகையாயின் ஒளி வகைக்கு மாற்றலாம். சில கருவிகளில் ஓசையைச் சில நிமிஷம் அடக்கி வைக்கும் பொத்தான் உண்டு. சிறிது நேரத்தில் கருவி தானே பழைய நிலைக்குத் திரும்பும். விழாக்காலத்தில் வேள்விப் புகை எழும்போது மின்கலத்தைக் கழற்றுவதைவிட இப்பொத்தானைப் பயன்படுத்துவதே முறை. மின்கலத்தைக் கழற்ற முடியாதபடி மூடப்பட்டு, பத்தாண்டு உழைக்கும் லித்தியம் மின்கலக் கருவிகளும் விற்பனையில் உள்ளன.

பராமரிப்பு

இக்கருவிக்கு வேண்டும் உழைப்பு மிகச் சிறிது. ஆனால் அது தவறாமல் நடத்தல் வேண்டும்.

மாதந்தோறும்: சோதனைப் பொத்தானை அழுத்தி ஒலியைக் கேட்க வேண்டும். உயரத்துக்கு எட்டாதோர் துடைப்பக் கம்பின் நுனியால் மெல்ல அழுத்தலாம். மின்சாரக் கட்டணம் செலுத்தும் நாள் போன்ற நினைவில் நிற்கும் நாளைக் குறித்துக் கொள்வது நலம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை: மென்மையான உலர்ந்த தூரிகையாலோ தூசியுறிஞ்சியாலோ வெளித்துளைகளைத் துடைக்க வேண்டும். தூசியும் ஒட்டடையும் சிறு பூச்சிகளும் உட்புகுந்து ஒளியைச் சிதறச் செய்தால், புகையில்லாமலே ஒலி எழும். மழைக்காலத்துக்கு முன் இத்தூய்மை மிகவும் வேண்டுவது. நீரோ சோப்போ படலாகாது. பூச்சி மருந்தைக் கருவியின்மீது தெளித்தல் கூடாது.

ஆண்டுதோறும்: மாற்றத்தக்க மின்கலமாயின் புதியது இட வேண்டும். ஏறத்தாழ நிமிஷத்துக்கு ஒருமுறை 'கீச்' என்று ஒலித்தால் மின்கலம் தீர்கிறது என்பது பொருள். இவ்வொலி நள்ளிரவில் கேட்டு, பல்லியோ சிள்வண்டோ என்று வீட்டார் தேடுவதும் உண்டு. அன்றே புது மின்கலம் இடுதல் வேண்டும். கடிகாரத்துக்கோ பொம்மைக்கோ இக்கருவியின் மின்கலத்தை எடுத்தல் கூடவே கூடாது.

வெள்ளையடிக்கும்போது: கருவியைக் கழற்றி வைத்து, பணி முடிந்த அன்றே மீண்டும் மாட்ட வேண்டும். கருவியின்மீது வண்ணம் பூசினால் துளைகள் அடைபடும்.

பத்தாண்டுக்கு ஒருமுறை: பொத்தானை அழுத்தினால் ஒலித்தாலும் கருவியை மாற்றிவிட வேண்டும். உள்ளிருக்கும் உணர்கருவி காலப்போக்கில் தூசியாலும் ஈரத்தாலும் திறமை குன்றுகிறது. பத்தாண்டைத் தயாரித்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். வாங்கிய தேதியிலிருந்து அன்று. பழைய ஒளி வகைக் கருவியை மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்கலாம்.

ஒலி கேட்ட பின்

வீட்டுக் கருவி ஒன்று 3 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 85 டெசிபெல் ஒலி எழுப்புகிறது. மூன்று ஒலி, சிறு இடைவெளி, மீண்டும் மூன்று ஒலி என்னும் ஒழுங்கே பல நாடுகளில் தீக்குரிய அடையாளம். ஆயினும் இவ்வொலி எல்லாரையும் எழுப்பிவிடும் என்று கொள்ளலாகாது. ஆழ்ந்துறங்கும் குழந்தைகள் பலர் உச்சத்தொனிக்கு விழிப்பதில்லை என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆகவே குழந்தையை எழுப்புபவர் யார், முதியவரை அழைத்து வருபவர் யார் என்பதை முன்னரே முடிவு செய்தல் வேண்டும். செவிப்புலன் குன்றியோருக்குத் தாழ்ந்த தொனியுடைய கருவியும், பளிச்சிடும் விளக்கும், தலையணைக்கடியில் அதிரும் தகடும் கிடைக்கின்றன.

நம் வீடுகளில் திருடருக்கு அஞ்சி இரும்புக் கதவைப் பூட்டி, சாளரங்களுக்குக் கம்பியிட்டு உறங்குகிறோம். புகை நிறைந்த இருளில் சாவியைத் தேடுவது உயிரைப் பறித்துவிடும். சாவி ஒன்று கதவுக்கு அருகில், வெளியிலிருந்து கை எட்டாததும் வீட்டார் அனைவருக்கும் தெரிந்ததுமான ஒரே இடத்தில் எப்போதும் தொங்க வேண்டும். கருவிக்குச் செலவிடும் பணம் பயன் தருவதும் வீணாவதும் பெரும்பாலும் இச்சிறு ஏற்பாட்டைப் பொறுத்தது.

ஒலி கேட்டதும் பொருள்களைத் திரட்டாமல் உடனே வெளியேற வேண்டும். தூய காற்று தரைக்கு அருகில் இருக்கும். தவழ்ந்து செல்லுதல் நலம். மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் திறக்காமல் வேறு வழி நாட வேண்டும். செல்லும்போது கதவை மூடிச் சென்றால் புகை பரவுதல் தாமதமாகும். மூக்கில் நனைத்த துணியை வைத்தல் கரித்துகளை ஓரளவு தடுக்கும். கார்பன் மோனாக்ஸைடைத் தடுக்காது. ஆகையால் அதை நம்பிப் புகையில் தங்கலாகாது. மாடி வீடுகளில் மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. வெளியே வந்து ஒரு குறித்த இடத்தில் எல்லாரும் கூடி, 101 அல்லது 112 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளியேறியவர் எக்காரணம் கொண்டும் மீண்டும் உள்ளே செல்லலாகாது.

வகுப்பிலும் களத்திலும்

ஒளி வகைக் கருவியின் தத்துவத்தை வகுப்பில் எளிதில் காட்டலாம். அறையை இருட்டாக்கி, கண்ணாடிச் சாடி ஒன்றின் ஒரு பக்கத்திலிருந்து கைவிளக்கின் ஒளிக்கற்றையைக் குறுக்கே செலுத்த வேண்டும். பக்கவாட்டில் நிற்கும் மாணவருக்குச் சாடியினுள் ஒளிக்கற்றை தென்படாது. பிறகு ஊதுபத்திப் புகையைச் சிறிது உட்செலுத்தி மூடினால், ஒளிக்கற்றை பளிச்செனத் தெரியும். மாணவரின் கண்ணே இங்கு உணர்கருவி. டிண்டால் விளைவு என்று பாடநூலில் படிப்பது, வீட்டுக் கூரையில் காவல் நிற்பதை மாணவர் நேரில் காண்பர்.

கருவி உள்ள வீட்டில் மாதச் சோதனையை மாணவரின் பொறுப்பாக்கலாம். கருவி இல்லாத வீட்டு மாணவரும் தம் வீட்டின் வரைபடம் வரைந்து, உறங்கும் இடம், அடுப்பு, விசிறி, வெளியேறும் வழி, சாவியின் இடம் ஆகியவற்றைக் குறிக்கலாம். இப்பயிற்சிக்குச் செலவில்லை. களப்பணியாளர் வீடுகளுக்குச் செல்லும்போது மூன்று வினாக்களைக் கேட்டால் போதும்: கருவி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? இரவில் சாவி எங்கே இருக்கும்?

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் தீப்பற்றிய கப்பல் வெடித்தபோது உயிர் நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் அந்நாள் தீயணைப்புப் பணி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதனைத் தொடர்ந்து ஒரு வாரம் தீத்தடுப்புப் பிரசாரம் நடைபெறுகிறது. பள்ளிகளிலும் ஊர்க்கூட்டங்களிலும் மேற்கூறியவற்றை விளக்க அவ்வாரம் ஏற்றது. எனினும் தீ ஏப்ரலுக்காகக் காத்திருப்பதில்லை. கருவி உள்ள வீட்டில் இன்றே பொத்தானை அழுத்திப் பார்த்தலும், இல்லாத வீட்டில் இன்றிரவே சாவிக்கு ஓர் ஆணி அறைதலும் எவரும் உடனே செய்யத்தக்க தொடக்கங்களாகும்.